கட்டும்போதே தொடங்கும் பராமரிப்பு: ஒரு கட்டடத்தை அதன் ஆயுள் முழுதும் நிர்வகிக்கப் புதியவர்களுக்கு வழிகாட்டி

மதுரையைச் சுற்றி ஒத்தக்கடை, திருமங்கலம், அழகர்கோவில் சாலை என எந்தப் பக்கம் போனாலும் ஒரு கல்யாண மண்டபமோ, சிறு மருத்துவமனையோ, தங்கும் விடுதியோ எழும்பிக்கொண்டிருக்கிறது. கட்டுபவர்கள் சதுர அடிக்கு என்ன செலவாகும், எத்தனை மாதத்தில் முடியும் என்ற கணக்குகளை விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் திறப்பு விழா முடிந்த மறுநாளிலிருந்து அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு மின்சாரம், தண்ணீர், பழுது, மாற்று என்று அந்தக் கட்டடம் கேட்கப்போகும் பணத்தைப் பற்றிய கணக்கு பெரும்பாலோரிடம் இருப்பதில்லை. அந்தக் கணக்கைப் போடத் தேவையான தகவல் முழுவதும் கட்டுமானக் காலத்திலேயே சைட்டில் கிடக்கிறது. அப்போது எடுத்து வைத்தால் அதற்குச் செலவே இல்லை. பூச்சும் டைல்ஸும் ஏறிய பிறகு அதே தகவலைப் பெறச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்தத் தகவலை எப்படிச் சேகரிப்பது, எந்தத் தொழில்நுட்பத்தை எந்தக் கட்டத்தில் பயன்படுத்துவது என்பதை, முதன்முறையாகக் கட்டடம் கட்டுபவருக்கும் ஒரு கட்டடத்தின் மேலாளராகப் புதிதாகப் பொறுப்பேற்பவருக்கும் படிப்படியாகச் சொல்கிறது. எடுத்துக்காட்டாக இரண்டு மாடி கொண்ட ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். லிஃப்ட், ஜெனரேட்டர், போர் (ஆழ்துளைக் கிணறு), சம்ப், ஏசி, தீயணைப்புக் குழாய்கள், பெரிய சமையற்கூடம் என எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், இங்கே பழகியதை வேறு எந்தக் கட்டடத்துக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

முதல் படி: நடத்தப்போகிறவரை வரைபடக் கட்டத்திலேயே அழையுங்கள்

கட்டடத்தை நாளை யார் நடத்தப்போகிறார் என்பது பிளான் போடும்போதே தெரிந்திருக்க வேண்டும். மேலாளர் ஒருவரை இனிமேல்தான் நியமிக்க வேண்டும் என்றால், இயங்கிக்கொண்டிருக்கும் வேறொரு மண்டபத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த எலெக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் ஒரு நாள் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டு, வரைபடத்தை விரித்து அவர்கள் முன் வையுங்கள். ஏசியின் வெளி யூனிட்டுக்கு ஆள் போய்ச் சேர வழி இருக்கிறதா, ஜெனரேட்டரைப் பத்து ஆண்டுகள் கழித்து மாற்ற நேர்ந்தால் அது வெளியே வரும் அளவுக்குக் கதவு அகலமா, ஓவர்ஹெட் டேங்க்குக்கு ஏணியா படியா, குழாய்ச் சந்துக்குள் ஒருவர் நின்று ஸ்பானர் திருப்ப இடம் உண்டா என்பவற்றை அவர்கள் பார்த்த மாத்திரத்தில் கேட்டுவிடுவார்கள். ஆர்க்கிடெக்ட்டின் திறமைக்கு இதனால் குறைவு ஏதும் இல்லை. கையால் கழற்றி மாட்டியவருக்குத் தெரிவது வேறு வகை அறிவு, அதற்கு வரைபட மேசையில் இடம் வேண்டும்.

முப்பரிமாண மாதிரியில், அதாவது பிம் முறையில், வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் கிடைத்தால் இந்தச் சோதனை இன்னும் எளிது. பீமின் குறுக்கே ஏசி டக்ட் மோதுவதும், கழிவுநீர்க் குழாயின் சாய்வு மேற்கூரைக்குள் அடங்காததும் கம்பி கட்டுவதற்கு முன்பே திரையில் தெரிந்துவிடும். சிறிய கட்டடத்துக்கு முழு மாதிரி தேவையில்லை என்று நீங்கள் முடிவு செய்யலாம், அதில் தவறில்லை. ஆனால் பம்ப் அறை, மின் பேனல் அறை, மொட்டை மாடி ஆகிய மூன்றையாவது முப்பரிமாணத்தில் வரையச் சொல்லுங்கள். பிற்காலத் தொல்லைகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

இரண்டாம் படி: உடைமைப் பதிவேடு

கட்டடத்தில் தனியாகப் பழுதாகக்கூடிய, தனியாக மாற்றக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதையும் தொடக்கத்தில் வாங்காதீர்கள். ஒரு எக்செல் கோப்போ கூகுள் ஷீட்டோ போதும். எண் கொடுக்கும் முறையை மட்டும் முதல் நாளிலேயே முடிவு செய்து, பிறகு மாற்றாமல் வைத்திருங்கள். "0-பம்-02" என்றால் தரைத்தளத்தின் இரண்டாவது பம்ப், "2-ஏசி-07" என்றால் இரண்டாம் மாடியின் ஏழாவது ஏசி. பழைய பம்பைக் கழற்றிப் புதியதை மாட்டினால் அந்த இடத்தின் எண் அப்படியே இருக்க வேண்டும். கருவியின் சீரியல் எண் மட்டும் மாற வேண்டும். இடத்தின் எண்ணும் கருவியின் எண்ணும் தனித்தனி என்பதைக் கவனிக்காததால் பத்தாண்டு வரலாறு குழம்பிப்போன பதிவேடுகள் ஏராளம்.

ஒரு வரியில் இருக்க வேண்டியவை: இடம், தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண், திறன், வாங்கிய நாள், பொருத்திய நாள், வாரண்டி முடியும் நாள், விலை, சர்வீஸ் செய்பவரின் தொலைபேசி எண், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ், எதிர்பார்க்கும் ஆயுள், பில்லின் புகைப்படத்துக்கான இணைப்பு. ஒவ்வொரு கருவிக்கும் எழுதும் ஜாதகம் இது. மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பொருத்திய அன்றே படம் எடுத்துவிடுங்கள். ஓராண்டில் கிரீஸும் தூசியும் படிந்து எழுத்து மறைந்துவிடும், சில பம்ப்களில் பலகை சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படிக்கவே முடியாத நிலையில் இருக்கும்.

இயந்திரம் அல்லாதவற்றையும் சேர்க்க வேண்டும். மொட்டை மாடியின் நீர்த்தடுப்பு, வெளிச்சுவர்ப் பெயின்ட், எர்த் பிட் (மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் குழி), மழைநீர்க் குழாய் ஆகியவற்றுக்கும் ஆயுள் உண்டு, பராமரிப்பு உண்டு. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால் பெரும்பாலான கட்டடங்களில் அதற்கான தொட்டி இருக்கிறது. பதிவேட்டில் அதற்கு ஒரு வரி இல்லாத இடங்களில் ஐந்தே ஆண்டுகளில் மண் அடைத்து, பெயருக்கு மட்டும் தொட்டியாக நிற்கிறது.

ஒவ்வொரு கருவியிலும் கியூஆர் கோடு ஒட்டலாம். செல்பேசியைக் காட்டினால் அந்த வரி திறக்கும், வந்த மெக்கானிக் அங்கேயே நின்று செய்த வேலையைப் பதியலாம். வெயிலில் நிற்கும் ஏசி யூனிட்டில் சாதாரணக் காகித ஸ்டிக்கர் ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது. அலுமினியத் தகட்டில் பொறித்து ரிவிட் அடியுங்கள்.

மூன்றாம் படி: மூடுவதற்கு முன் பதிவு

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. மற்றவற்றைப் பிறகும் சரிசெய்யலாம். இதைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. கான்கிரீட் போடும் முன், காடி எடுத்த சுவரைப் பூசும் முன், தரையில் டைல்ஸ் பதிக்கும் முன், பொய்க்கூரையை மூடும் முன் என நான்கு கட்டங்களிலும் உள்ளே இருப்பதைப் படமெடுக்க வேண்டும்.

படம் எடுப்பதிலும் முறை உண்டு. குழாயை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் இரண்டு ஆண்டு கழித்து எந்த அறை, எந்தச் சுவர் என்று யாருக்கும் புரியாது. சுவரின் ஒரு மூலையோ தூணின் விளிம்போ படத்துக்குள் விழ வேண்டும். அந்த விளிம்பிலிருந்து குழாய் வரை டேப்பை இழுத்துப் பிடிக்க வேண்டும், தரை மட்டத்திலிருந்து உயரத்தைக் காட்ட இன்னொரு டேப் நிற்க வேண்டும். சாக்பீஸால் சுவரிலேயே அறையின் பெயரையும் தேதியையும் "கிழக்குச் சுவர்" என்பது போன்ற திசையையும் எழுதிவிட்டால் அந்தப் படம் தனியாக நின்று பேசும். ஒரு சுவருக்கு முழுப்படம் ஒன்று, டேப்போடு நெருக்கமான படங்கள் இரண்டு மூன்று போதும். இதைச் செய்ய சைட் இன்ஜினியருக்கு ஓர் அறைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. மணமேடைக்குப் பின்னால் அலங்காரக்காரர் டிரில்லிங் மெஷினைச் சுவரில் வைக்கும் ஒவ்வொரு முகூர்த்தத்திலும் அந்தப் பத்து நிமிடம் பயன் தரும்.

படங்களை வாட்ஸ்அப் குழுவிலேயே விட்டுவிடாதீர்கள். அங்கே படத்தின் தரம் குறையும், ஆள் மாறினால் செல்பேசியோடு படமும் போய்விடும். கிளவுட் சேமிப்பில் தளம், அறை என்ற வரிசையில் கோப்புறைகள் போட்டு அன்றன்றே ஏற்றுங்கள். குழாய்களுக்கு அழுத்தச் சோதனை செய்யும்போது கேஜ் முள் காட்டும் எண்ணைத் தொடக்கத்திலும் முடிவிலும் படமெடுத்து அதே கோப்புறையில் வையுங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் கட்டிச் சோதிக்கும்போதும் அப்படியே.

கான்கிரீட்டுக்கும் இதே பதிவு தேவை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 விதிப்படி சாதாரண சிமென்ட்டுக்கு நீராற்றல், அதாவது கியூரிங், குறைந்தது 7 நாள், வறண்ட வெப்பச் சூழலில் 10 நாள். சாம்பல் கலந்த சிமென்ட் போன்ற கலப்பு வகைகளுக்குக் குறைந்தது 10 நாள், வெப்பச் சூழலில் 14 நாள் பரிந்துரைக்கப்படுகிறது. இன்று சந்தையில் வாங்குவது பெரும்பாலும் கலப்பு சிமென்ட் என்பதாலும், பங்குனி, சித்திரையில் மதுரையின் வெயில் எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியும் என்பதாலும் 14 நாளையே இங்கு அளவாகக் கொள்ளுங்கள். தளம் போட்ட நாள், நீராற்றல் முடிந்த நாள், 28ஆம் நாள் கியூப் சோதனை (கான்கிரீட் கனசதுரத்தை அழுத்தி வலிமையை அளப்பது) முடிவு ஆகிய மூன்றும் ஒவ்வொரு தளத்துக்கும் பதிவேட்டில் ஏற வேண்டும். பிற்காலத்தில் விரிசல் தோன்றினால் பொறியாளர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.

திருமங்கலம் பக்கம் போலக் கரிசல் மண் உள்ள இடமானால் அடித்தளம் முடிந்ததும் தூண்களில் நிலையான மட்டக் குறிகளைப் பதித்து, அவற்றின் தொடக்க அளவையும் எழுதி வையுங்கள். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் அது. கட்டடம் அசைகிறதா என்று சொல்லத் தொடக்க அளவு இல்லாமல் எந்தக் கருவியாலும் முடியாது.

நான்காம் படி: வாங்கும் விலையோடு ஓட்டும் விலையையும் கூட்டுங்கள்

ஒரு கணக்கைப் பாருங்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் என்பது தண்டில் 3.73 கிலோவாட் தருவது. திறன் விகிதம் 80 சதவீதமுள்ள மோட்டார் அதற்காக 4.66 கிலோவாட் மின்சாரத்தை இழுக்கும். 88 சதவீதமுள்ளது 4.24 கிலோவாட் இழுக்கும். நாளுக்கு 4 மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் ஆண்டுக்கு வித்தியாசம் ஏறத்தாழ 620 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 5,500 ரூபாய்க்கு மேல், பத்தாண்டில் 55,000 ரூபாய்க்கு மேல். விலைப்பட்டியலில் சில ஆயிரம் குறைவாக இருந்த மோட்டார் எது, உண்மையில் மலிவான மோட்டார் எது என்பது இப்போது தெரிகிறது. காயில் எரிந்து திரும்பத் திரும்ப ரீவைண்டிங் செய்த மோட்டாருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஏசி, ஜெனரேட்டர், லிஃப்ட் ஆகியவற்றை வாங்கும்போதும் மூன்று கேள்விகளைக் கொட்டேஷனோடு சேர்த்துக் கேளுங்கள்: வாரண்டிக்குப் பிறகு ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஆண்டுக்கு எவ்வளவு, உதிரி பாகம் மதுரையில் இருப்பில் இருக்குமா அல்லது சென்னையிலிருந்து வர வேண்டுமா, எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்து நிற்பார். முகூர்த்த நாளில் லிஃப்ட் நின்றால் மறுநாள் வரும் உதிரியால் பயனில்லை. உப்புத் தண்ணீர் உள்ள பகுதியில் போர் நீரைப் பரிசோதித்துவிட்டு, அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பம்ப், குழாய், சூரிய வெந்நீர்க் கருவி ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். உப்புப் படிவு கருவியின் ஆயுளைப் பாதியாக்கிவிடக் கூடும்.

ஐந்தாம் படி: ஒப்படைப்பை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்

சாவிக்கொத்தை வாங்குவது மட்டும் ஒப்படைப்பு ஆகாது. உண்மையில் கட்டியபடி திருத்திய வரைபடங்கள் பிடிஎஃப் வடிவிலும் திருத்தக்கூடிய மூல வடிவிலும், கருவிகளின் கையேடுகள், வாரண்டி அட்டைகள், சோதனை அறிக்கைகள், லிஃப்ட் உரிமம், பணி நிறைவுச் சான்று, நிரப்பிய உடைமைப் பதிவேடு ஆகிய அனைத்தும் வந்து சேர வேண்டும். இவை வந்தால்தான் கடைசி பில்லின் ஒரு பகுதி கிடைக்கும் என்று தொடக்க ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் காண்ட்ராக்டருக்கும் குழப்பமில்லை, உங்களுக்கும் பின்னால் மன்றாடும் நிலை வராது. வேலை முடிந்து பணமும் முடிந்தபின் கேட்டால், எவ்வளவு நல்ல காண்ட்ராக்டராக இருந்தாலும் அவருடைய ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார்கள்.

பிம் மாதிரி தயாரிக்கப்பட்டிருந்தால் அதை ஐஎஃப்சி என்ற பொது வடிவிலும் கேட்டு வாங்குங்கள். ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்பு இருபதாண்டு கழித்துத் திறக்குமா என்பது உறுதியில்லை. பெரிய கட்டடம் கட்டுபவர்கள் ஐஎஸ்ஓ 19650 என்ற தகவல் மேலாண்மைத் தரத்தைப் படித்துக்கொள்வது நல்லது. அதன் முதல் இரு பகுதிகள் 2018இல் வந்தன, இயக்கக் காலத்துக்கான மூன்றாம் பகுதி 2020இல் வந்தது. உடைமை மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 55000 வரிசை இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீடு வாங்கியவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்புக் குறைகளையும் வேலைத் தரக் குறைகளையும் விற்றவர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். தேதியிட்ட படங்களும் பதிவேடும் இருந்தால் அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவது எளிது.

ஆறாம் படி: சென்சார் எங்கே, எதற்கு

சென்சார் விற்பவர்கள் எல்லாவற்றிலும் மாட்டச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எச்சரிக்கை அனுப்பினால் யாருடைய செல்பேசிக்குப் போகும், அவர் உடனே என்ன செய்வார்? பதில் இல்லாத சென்சார் வேண்டாம்.

தொடக்கத்தில் மூன்று போதும். முதன்மை மின் இணைப்பில் டிஜிட்டல் மீட்டர், சம்ப் மற்றும் ஓவர்ஹெட் டேங்க்கில் நீர்மட்ட சென்சாரும் மோட்டார் ஓடிய மணிக் கணக்கும், ஜெனரேட்டரில் ஓடிய மணிக் கணக்கும் டீசல் அளவும். நிகழ்ச்சி எதுவும் இல்லாத நாளின் இரவு மின் பயன்பாட்டைப் பார்த்தாலே வீணாக ஓடுபவை தெரிந்துவிடும். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் டேங்கை நிரப்பும் மோட்டார் ஒன்றே முக்கால் மணி எடுத்தால் போரில் நீர் இறங்கியிருக்கலாம், பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், எங்கோ குழாய் கசியலாம். மோட்டார் எரிவதற்குப் பல வாரம் முன்பே கிடைக்கும் செய்தி அது.

சம்ப் அறைக்குள் வைஃபை எட்டுகிறதா என்று வாங்கும் முன் செல்பேசியைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கணக்கை உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியில் தொடங்குங்கள். பொருத்த வந்தவரின் சொந்த முகவரியில் தொடங்கினால் அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் உங்கள் தகவலும் போகும். தகவலைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இல்லாத செயலியை வாங்காதீர்கள்.

ஏழாம் படி: நம் மாதங்களுக்கேற்ற பராமரிப்பு நாட்காட்டி

கையேடுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்லும். அதை நம் ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் முகூர்த்தங்களுக்கும் பொருத்துவது உங்கள் வேலை. ஏசி சர்வீஸை மாசியிலேயே முடித்துவிடுங்கள், பங்குனியில் மெக்கானிக் கிடைப்பது அரிது. ஆடியில் திருமணம் இல்லாததால் மின் பேனல்களை நிறுத்தி இறுக்குவது, ஜெனரேட்டரின் பெரிய சர்வீஸ், டேங்க் கழுவுதல், லிஃப்ட் கயிறு மற்றும் பிரேக் சோதனை ஆகிய நீண்ட வேலைகளை அந்த மாதத்தில் வையுங்கள். எர்த் பிட்டின் மின்தடை அளவை மண் நன்றாகக் காய்ந்திருக்கும் கோடையில் எடுங்கள், அப்போது நன்றாக இருந்தால் மற்றக் காலத்தில் கவலையில்லை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வருமுன் புரட்டாசியில் மாடி வடிகால்களையும் மழைநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்யுங்கள். உள்பக்கப் பெயின்ட் வேலைக்கு மார்கழி ஏற்றது.

பேட்டரிகளைத் தனியாகக் கவனியுங்கள். லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. மாடிப்படிக்கு அடியில் காற்றோட்டமில்லாத இடத்தில் யுபிஎஸ்ஸை வைத்துவிட்டு, ஐந்தாண்டு வரும் என்ற பேட்டரி இரண்டே ஆண்டில் போயிற்று என்று கடைக்காரரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

எட்டாம் படி: மாற்று நிதி

பதிவேட்டில் விலையும் ஆயுளும் இருப்பதால் இது எளிய வகுத்தல். மாற்ற 9 லட்சம் ரூபாய் ஆகும் ஜெனரேட்டருக்கு 15 ஆண்டு மீதமிருந்தால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். 4 லட்சம் ஆகும் நீர்த்தடுப்புக்கு 8 ஆண்டு மீதமிருந்தால் 50,000 ரூபாய். எல்லா வரிகளையும் கூட்டினால் வரும் தொகையை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் போட வேண்டும். விலைவாசி ஏறும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்று விலைகளைப் புதுப்பியுங்கள். மண்டப வாடகையை நிர்ணயிக்கும்போது இந்தத் தொகையையும் சேர்த்துக் கணக்கிடாதவர்கள், லாபம் என்று நினைத்துச் செலவழிப்பது நாளைய ஜெனரேட்டரின் பணத்தை.

பழைய கட்டடத்தை வாங்கியிருந்தால்

மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் உள்ள பழைய கட்டடங்களுக்கு வரைபடம் இருப்பது அரிது. அங்கே தலைகீழாகத் தொடங்க வேண்டும். முதலில் லேசர் ஸ்கேனரால் அளந்து புதிய வரைபடம் தயாரியுங்கள். பிறகு கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தை அறியும் ரிபவுண்டு ஹாம்மர் சோதனை, உள்ளே விரிசலோ வெற்றிடமோ உண்டா என்று காட்டும் மீயொலிச் சோதனை, கம்பியின் ஆழத்தையும் துருவையும் அறியும் சோதனை ஆகியவற்றைச் செய்யுங்கள். வெப்பப் படக் கருவி சுவருக்குள் கசியும் ஈரத்தையும் பேனலில் சூடேறும் இணைப்பையும் உடைக்காமலே காட்டும். சுண்ணாம்புக் காரைச் சுவர்களின் மேல் சிமென்ட் பூசுவதற்கு முன் பாரம்பரியக் கட்டுமானம் அறிந்தவரைக் கேளுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியேவிட்டு உலர்வது, மேலே சிமென்ட் ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு பெயரும். இந்தச் சோதனைகள் முடிந்ததும் ஒவ்வோர் உறுப்புக்கும் நிலைமையை 1 முதல் 5 வரை மதிப்பிட்டு, இரண்டாம் படியில் சொன்ன பதிவேட்டில் ஏற்றுங்கள். அதன் பிறகு ஏதாவது ஒரு சுவரையோ தரையையோ பழுதுக்காகத் திறக்க நேரும் ஒவ்வொரு முறையும், மூடுவதற்கு முன் டேப் வைத்துப் படமெடுத்து அதே எண்ணின் கீழ் சேர்த்துவாருங்கள்.